ஊர் கூடி நலம் பேணுதல்



திருக்குறளில் மருந்து என்றொரு அதிகாரம் உண்டு. மருத்துவம் என்பது நான்கு உறுப்புக்களால் ஆனது என்று அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் வகுத்துரைக்கின்றார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவன் என்பன அந்நான்கு உறுப்புக்கள். இவ்வரிசையில் முதலிடம் மருத்துவனுக்கும் இல்லை, மருந்துக்கும் இல்லை. நோயுற்றவனுக்கே அது தரப்பட்டிருக்கின்றது.

மருத்துவச் சீர்திருத்தத்தைப் பற்றி இன்று எங்கும் பேச்சாக இருக்கின்றது. மருத்துவமனைகளைப் பெருக்க வேண்டும் என்கிறார் ஒருவர். காப்பீட்டை விரிவாக்க வேண்டும் என்கிறார் மற்றொருவர். மருந்தின் விலையைக் குறைக்க வேண்டும் என்பது வேறொருவர் கட்சி. எல்லாம் நல்ல யோசனைகளே. ஆயினும் இவற்றை ஆராயக் கூடும் சபையில் மருத்துவருக்கு ஆசனம் உண்டு, அதிகாரிக்கு உண்டு, காப்பீட்டு நிறுவனத்தாருக்கும் உண்டு. வள்ளுவர் முதலில் வைத்த நோயாளிக்கு மட்டும் பெரும்பாலும் இல்லை. அவனுக்கும் ஓர் இடம் கொடுத்தால் என்ன நேரும், கொடாவிட்டால் என்ன நேரும் என்பதை, கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதியை முன்னிறுத்தி இன்று சிறிது சிந்திப்போம். பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர்க்கு இதில் தனிப்பட்ட அக்கறை ஒன்று உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

மட்டாஞ்சேரி பல மக்கள் கூடி வாழும் இடம். 1555இல் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்து, பின்னர் டச்சுக்காரர் பழுது பார்த்த அரண்மனை அங்கே இருக்கின்றது. அதனை அடுத்து 1568இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடம் நிற்கின்றது. கொங்கணியர் கோயிலும், சமணர் கோயிலும், பள்ளிவாசல்களும் ஒன்றுக்கொன்று நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. மிளகும் சுக்கும் மணக்கும் அந்தக் கடைத்தெருக்களில் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, தமிழ் எனப் பல மொழிகள் செவியில் விழும். மொழி பலவாயினும் நோய் ஒன்றே. கொசுவுக்கும் சாதி, சமயம், பாஷை என்ற வேற்றுமை இல்லை.

மருத்துவத்தைப் பற்றிப் பலர் கூடி ஆராய்வது கொச்சிக்குப் புதிதன்று. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரரின் மலபார்த் தலைவராய் இருந்த வான் ரீடு என்பவர், இந்நாட்டு மூலிகைகளைப் பற்றி ஒரு பெருநூல் தொகுக்க முனைந்தார். சேர்த்தலையைச் சார்ந்த கரைப்புறத்து நாட்டு வைத்தியர் இட்டி அச்சுதனும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற கொங்கணி வைத்தியர் மூவரும் அவருக்குத் துணை நின்றனர். செடிகளைக் கொண்டு வந்து வைத்து, பெயரும் குணமும் கூறி, கருத்து வேறுபட்ட இடத்தில் வாதாடித் தெளிந்து, அவர்கள் உதவிய செய்திகள் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு பாகங்களாக அச்சேறின. 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்பது அந்நூலின் பெயர். அறிஞர் கூடி ஆராய்ந்த அரிய மன்றம் அது. ஆனால் அது வைத்தியர்களின் மன்றம். மூலிகையை உட்கொள்ள வேண்டிய நோயாளிக்கு அதில் வேலை இருக்கவில்லை. ஒரு நூலைத் தொகுப்பதற்கு அது போதும். ஓர் ஊரின் நோயைத் தீர்ப்பதற்குப் போதாது. இதனை விளக்கக் கொச்சியின் பழைய நோய் ஒன்றே சான்றாகும்.

யானைக்கால் நோயைத்தான் குறிப்பிடுகின்றேன். கொச்சியின் பெயரையே அந்நோய்க்கு இட்டுக் 'கொச்சிக் கால்' என்று ஐரோப்பியர் வழங்கிய காலம் ஒன்று உண்டு. அவமானம் தரும் பெயர். எனினும் நோய் அவ்வளவு பரவியிருந்தது. கொசுவின் வழியே நுண்புழு ஒன்று மனிதன் உடலிற் புகுவதால் இது விளைகின்றது. இந்நோயின் புழு கொசுவின் உடலில் வளர்வதை 1877இல் சீனத்தில் பணியாற்றிய பாட்ரிக் மான்சன் என்ற மருத்துவர் கண்டறிந்தார். தேங்கிய சாக்கடை நீரில் முட்டையிடும் கொசுவே நகரங்களில் இந்நோயைப் பரப்புகின்றது. கடல் மட்டத்தை ஒட்டிய தாழ்ந்த நிலம், வடியாத கால்வாய், நெருங்கிய குடியிருப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் கொசுவுக்கு வேறென்ன வேண்டும்?

இந்திய அரசாங்கம் 1955இல் யானைக்கால் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2004 முதல், நோய் பரவியுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒரு முறை எல்லோரும் மாத்திரை உட்கொள்ளும் முறை நாடெங்கும் கைக்கொள்ளப்பட்டது. இம்முறையின் நுட்பத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். கால் வீங்கியவர் மட்டும் மாத்திரை தின்றால் பயன் இல்லை. நோயின் அறிகுறியே இல்லாதவரின் இரத்தத்திலும் நுண்புழு இருக்கலாம். அவரிடமிருந்தே கொசு அதனை மற்றவருக்குக் கொண்டு செல்லும். ஆகவே இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கருவுற்ற பெண்கள், கடும் நோயாளிகள் நீங்கலாக ஏனைய யாவரும் உண்ண வேண்டும். மக்களில் நூற்றுக்கு அறுபத்தைந்து பேராவது தொடர்ந்து ஐந்தாண்டுகள் உட்கொண்டால்தான் பரவும் சங்கிலி அறும் என்பது அறிஞர் கணக்கு.

உடம்பிலே ஒரு குறையும் இல்லாத மனிதனிடம் சென்று, அயலானுக்காக நீ மாத்திரை தின்ன வேண்டும் என்று சொன்னால், அவன் கேட்பானா? சட்டம் போட்டு விழுங்க வைக்க இயலாது. மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு, கொடுத்தவர் தெருவைத் தாண்டியதும் எறிந்துவிடுவது எளிது. அவனுடைய ஐயத்தைக் கேட்டு, அவன் மொழியில் விடை சொல்லி, அவனை ஒப்பச் செய்தாலன்றி மருந்து வயிற்றுக்குள் போகாது. இந்நோயைப் பொறுத்தவரை, கூடிப் பேசுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகின்றது.

கொச்சிக்குத் தெற்கே உள்ள சேர்த்தலைப் பகுதியில் இதே உண்மை வேறொரு வகையில் வெளிப்பட்டது. அங்கு யானைக்கால் பரவுவதற்குக் காரணமான கொசு வேறு. குளங்களில் மிதக்கும் ஆகாயத்தாமரை முதலிய நீர்ச்செடிகளின் வேர்களைப் பற்றிக்கொண்டு அதன் புழு வளரும். செடியை நீக்கினால் கொசு நீங்கும் என்பது அறிவியல். ஆயினும் வீட்டுக்கு வீடு குளம் உள்ள ஊரில், ஆண்டு முழுவதும் அரசாங்க ஆட்கள் வந்து செடி பறித்துக் கொண்டிருக்க முடியுமா? அச்செடிகளோ தென்னைக்கு உரமாகப் பயன்படுகின்றவை. குடியானவர் அவற்றை வேண்டாத பொருளாகக் கருதவும் இல்லை. 1980களில் புதுச்சேரியில் உள்ள கொசு ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் சேர்த்தலைக்குச் சென்றபொழுது, ஊராருடன் கலந்து பேசி வேறொரு வழி கண்டார்கள். குளத்தைச் சுத்தம் செய்து அதில் மீன் வளர்ப்பது என்பதே அவ்வழி. மீன் வளர்ந்தால் வருவாய் உண்டு. வருவாய் உண்டென்றால் குளம் தூய்மையாக இருக்கும். குளம் தூய்மையானால் கொசு இல்லை. சுகாதாரம் என்ற பெயரால் நடவாத காரியம், குடும்பத்தின் வரவு செலவோடு சேர்ந்தபோது நடந்தது. பிறர் குளத்திலே எது செல்லும், எது செல்லாது என்பதைக் குளத்துக்குரியவர் வாயிலிருந்து கேளாமல் யார் அறிவார்?

இந்த உண்மையை நம் நாட்டுப் பெரியோர் அறியாமல் இருந்தார்கள் என்று எண்ண வேண்டாம். 1914 முதல் 1919 வரை கொச்சி இராச்சியத்தின் திவானாக இருந்தவர் ஜோசப் வில்லியம் போர் என்பவர். இதே மனிதரை 1943இல் இந்திய அரசாங்கம் நாட்டின் சுகாதார நிலையை ஆராயும் குழுவுக்குத் தலைவராக்கியது. தமிழ்நாட்டின் புகழ்பெற்ற மருத்துவ அறிஞர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் அக்குழுவில் ஓர் உறுப்பினர். 1959இல் அமைந்த அடுத்த பெருங்குழுவுக்கு அவரே தலைவரானார். 1946இல் போர் குழு அளித்த அறிக்கையே நம் நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வித்து. கட்டணம் செலுத்த இயலாத காரணத்தால் எவனும் தக்க சிகிச்சையின்றி இருத்தல் கூடாது என்பது அதன் அடிப்படைக் கொள்கை. இவற்றையெல்லாம் பலர் அறிவர். பலர் மறந்துவிட்ட பரிந்துரை இன்னொன்று. ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட சுகாதாரக் குழு ஒன்று, ஊதியமின்றி, ஊர் மக்களாலேயே அமைய வேண்டும் என்று அவ்வறிக்கை கூறியது. ஊரார் தாமே கை கொடாத வரையில் சுகாதாரம் நிலைபெறாது என்பது அக்குழுவின் கருத்து.

1952 முதல் சுகாதார நிலையக் கட்டடங்கள் எழுந்தன, மருத்துவர்கள் வந்தார்கள், மருந்து வந்தது. ஊர்க் குழு மட்டும் பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றுவிட்டது. கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டலாம். அதன் படம் பத்திரிகையில் வரும். ஐந்து பேர் பாயில் அமர்ந்து சாக்கடையைப் பற்றிப் பேசுவதற்கு யார் படம் பிடிக்க வருவார்கள்?

அந்தக் குறையை ஓரளவு நீக்க முயன்றது கேரள மாநிலம். 1995இல் அரசாங்கத்தின் சுகாதார நிறுவனங்கள் உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பில் விடப்பட்டன. ஆரம்ப சுகாதார நிலையம் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பு. தாலுக்கா மருத்துவமனை வட்டாரப் பஞ்சாயத்தின் அல்லது நகராட்சியின் பொறுப்பு. மாவட்ட மருத்துவமனை மாவட்டப் பஞ்சாயத்தின் பொறுப்பு. 1996 ஆகஸ்டு 17ஆம் நாள் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கிற்று. மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட தொகையை உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைத்து, எதற்குச் செலவிட வேண்டும் என்பதை மக்கள் கூடித் தீர்மானிக்கச் செய்தனர். மட்டாஞ்சேரி 1967 முதல் கொச்சி மாநகராட்சியின் ஒரு பகுதி. பெரிய நகரங்களில் எல்லோரும் ஓரிடத்தில் கூடுதல் அரிது. ஆதலால் வார்டுக் குழு என்ற அமைப்பை 1994ஆம் ஆண்டின் கேரள நகராட்சிச் சட்டம் வகுத்தது. வார்டின் கவுன்சிலர் அதற்குத் தலைவர். குடியிருப்போர் சங்கங்கள், அயல்கூட்டங்கள், தொழிற்சங்கங்கள், பள்ளிகள் முதலியவற்றின் பிரதிநிதிகள் அதில் அமர்வர். இஃதன்றி வார்டுதோறும் சுகாதாரத்துக்கென ஒரு குழு உண்டு. ஆசா பணியாளரும் சுகாதார அலுவலரும் அதன் கைகால்கள்.

இத்தகைய கூட்டத்தில் என்ன பேசுவார்கள்? பெரிய தத்துவங்கள் அல்ல. எந்தக் கால்வாய் வடியவில்லை? குழாயில் எத்தனை மணிக்கு நீர் வருகின்றது? எந்த வீட்டில் இரண்டு பேருக்குக் காய்ச்சல்? படுக்கையில் விழுந்த முதியவரைப் பார்க்கச் செவிலி வந்தாரா? புறநோயாளர் பிரிவு எத்தனை மணி வரை? கடைசியாகச் சொன்ன கேள்வியைச் சற்று நோக்குங்கள். நண்பகலோடு மருத்துவர் எழுந்துவிட்டால், கூலிக்குச் செல்பவன் ஒரு நாள் ஊதியத்தை இழந்தாலன்றி இலவச மருத்துவத்தைப் பெற முடியாது. அவனைப் பொறுத்தவரை இலவசம் என்பதற்கு ஒரு நாட்கூலி விலை. இந்தக் கணக்கு அதிகாரியின் ஏட்டில் இராது. கூலியாளின் மடியில்தான் இருக்கும். 2017இல் கேரளம் தொடங்கிய 'ஆர்த்ரம்' திட்டத்தில், குடும்ப சுகாதார நிலையங்களாக உயர்த்தப்பட்டவை மாலை 6 மணி வரை புறநோயாளரைப் பார்க்கும் என்று வகுத்தது இந்த விலையைக் குறைக்கும் சீர்திருத்தமாகும். புதுக்கட்டடம் எழுப்புவதைவிடக் கடிகார முள்ளைச் சில மணி நேரம் தள்ளி வைப்பது சில வேளைகளில் பெரிய சீர்திருத்தமாக அமைகின்றது.

மக்கள் கூடியதால் பிறந்த வேறொரு நன்மையும் கேரளத்தில் உண்டு. தீரா நோயால் வருந்துவோருக்கு வலி தணிக்கும் பணி 1993இல் கோழிக்கோட்டில் ஒரு சிறு மருத்துவ நிலையமாகத் தோன்றியது. மருத்துவர் சிலரால் மட்டும் எல்லா வீடுகளுக்கும் செல்ல இயலவில்லை. ஆகவே 1999 முதல் மலப்புறம் மாவட்டத்தில் அண்டை அயலாரே பயிற்சி பெற்று, புண்ணைக் கழுவவும், பக்கத்தில் அமர்ந்து பேசவும், செலவுக்குப் பணம் திரட்டவும் முன்வந்தனர். 2008இல் கேரள அரசு இதனை ஒரு கொள்கையாகவே அறிவித்தது. அருகிருந்து பணிவிடை செய்பவன் என்று வள்ளுவர் கூறிய நான்காம் உறுப்பு இங்கே தெருவார் வடிவில் வந்தது.

இனி, கேரளத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்று புகழ்ந்துவிட்டு அமர்வது முறையன்று. 2023ஆம் ஆண்டின் கணக்குப்படி, நாடு முழுவதும் உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 25 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறக்கின்றன. கேரளத்தில் அத்தொகை 5. இது பெருமைக்குரியது. ஆனால் மருத்துவத்துக்காக ஆகும் மொத்தச் செலவில் மக்கள் தம் மடியிலிருந்து நேரே கொடுப்பது, 2021-22ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நாட்டளவில் நூற்றுக்கு 39; கேரளத்திலோ பாதிக்கும் மேல். குழந்தை பிழைக்கின்றது; முதியோர் நீண்ட காலம் வாழ்கின்றனர்; நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் மருந்து வாங்கிக் குடும்பம் கடன்படுகின்றது. கூட்டங்கள் எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன என்றும் சொல்ல முடியாது. கையெழுத்து நிறைந்து ஆட்கள் குறைந்த கூட்டமும் உண்டு. கட்சிச் சண்டையில் கால்வாயை மறந்த கூட்டமும் உண்டு. கதவு திறந்திருப்பது ஒன்று. உள்ளே சென்று அமர்வது வேறொன்று.

வெளிநாடுகளிலும் இதே தேட்டம் காணப்படுகின்றது. 1978இல் அல்மா-ஆட்டா நகரில் உலக நாடுகள் கூடி, தம் நலப் பணியைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்குகொள்வது மக்களின் உரிமையும் கடமையும் ஆகும் என்று அறிவித்தன. பிரேசில் நாட்டில் 1990ஆம் ஆண்டுச் சட்டம் சுகாதார மன்றங்களின் ஆசனங்களில் சரிபாதியை மருத்துவமனைகளைப் பயன்படுத்தும் மக்களுக்கே ஒதுக்கியது. தாய்லாந்தில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய சுகாதாரப் பேரவை கூடுகின்றது. நம் தமிழ்நாட்டிலும் 2019இல் தொடங்கிய சுகாதாரச் சீர்திருத்தத் திட்டத்தின் ஓர் அங்கமாக மாவட்ட அளவில் சுகாதாரப் பேரவைகள் கூட்டப்பட்டன. முறை வெவ்வேறு, கருத்து ஒன்றே.

இப்பொழுது, முன்னர்க் கூறிய தனி அக்கறைக்கு வருகின்றேன். கொச்சியில் தமிழர் நேற்று வந்தவர் அல்லர். டச்சுக்காரரின் படைவீரர்க்குத் துணி வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டோரின் வழியினர் கோட்டைக் கொச்சியின் வெளி என்னுமிடத்தில் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். அவர்களுடைய சலவைக் கூடம் இன்றும் நகரத்தார் அறிந்த ஒன்று. பிற்காலத்தில் திண்டுக்கல், தேனி முதலிய பகுதிகளிலிருந்து கட்டட வேலைக்கும் சுமை வேலைக்கும் வந்தோர் வாத்துருத்தி போன்ற இடங்களில் நெருங்கிக் குடியிருக்கின்றனர். முன்னவர் இந்நகரின் மக்களாகிவிட்டார்கள். பின்னவர் பல ஆண்டுகள் வாழ்ந்தும், மனத்தளவில் இன்னும் வண்டியை விட்டு இறங்கவில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் சொந்த ஊரில். ரேஷன் அட்டை சொந்த ஊரில். பொங்கலுக்குப் போகும் வீடு அங்கே. "நமக்கெதற்கு இந்த ஊர்க் கூட்டம்?" என்ற எண்ணம் எளிதில் வருகின்றது. மும்பையின் தாராவியில் வாழ்பவருக்கும் பெங்களூரின் புறநகரில் வாழ்பவருக்கும் இந்த எண்ணம் வருதல் இயற்கையே.

எண்ணம் இயற்கையே, விளைவு கொடிது. ஊரில் பாதித் தடுப்பூசி போட்ட குழந்தைக்கு மீதிப் பாதி எங்கே என்று கேட்பார் இல்லை. காசநோய்க்கு ஆறு மாதம் உண்ண வேண்டிய மருந்தை, வேலை மாறி ஊர் மாறிய தொழிலாளி மூன்றாம் மாதத்தில் நிறுத்துகிறான். நோய் முற்றி, எளிய மருந்துக்குப் பணியாததாக மாறுகின்றது. ஓர் அறையில் எட்டுப் பேர் உறங்கும் குடியிருப்பில் அந்நோய் அவனோடு நிற்பதும் இல்லை. கருவுற்ற பெண் தன் வேதனையைச் சொல்லத் தெரிந்த மொழி தமிழ். கேட்பவர் அறிந்த மொழி வேறு. இவற்றை எந்த அதிகாரியும் வேண்டுமென்று செய்யவில்லை. கூட்டத்தில் இல்லாதவனின் குறை குறிப்பேட்டில் ஏறுவதில்லை. குறிப்பேட்டில் இல்லாத குறைக்கு வரவு செலவுத் திட்டத்தில் பணம் இல்லை.

மட்டாஞ்சேரியின் வரலாற்றிலேயே இதற்கொரு பாடம் உண்டு. அங்கே துறைமுகத் தொழிலாளருக்கு ஒரு காலத்தில் வேலை கிடைத்த விதம் 'சாப்பா' முறை என்று வழங்கியது. காலையில் கூடி நிற்கும் கூட்டத்தின் நடுவே வில்லைகளை வீசி எறிவார்கள். முண்டியடித்து எடுத்தவனுக்கு அன்று வேலை, எடுக்காதவனுக்குப் பட்டினி. இம்முறையை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில் 1953 செப்டம்பர் 15ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்து, தொழிலாளர் மூவர் உயிரிழந்தனர். மாண்டவர்கள் கேட்டது தானம் அன்று. எறிந்ததைப் பொறுக்க மாட்டோம், முறையோடு கொடுங்கள் என்பதே. மருத்துவ உதவியும் அத்தகையதே. அது கூட்டத்தின் நடுவே எறியப்படும் வில்லையாக இருக்கும்வரை வலியவன் எடுத்துக்கொள்வான். மொழி தெரியாதவனும் வழி தெரியாதவனும் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

ஆகவே, வெளிமாநிலத் தமிழர் என்ன செய்யலாம்? சில எளிய காரியங்களைச் சொல்கின்றேன்.

முதலாவது, சங்கம் வழியே செல்லுதல். வார்டுக் குழு போன்றவற்றில் இடம் பெரும்பாலும் அமைப்புக்களுக்கே கிடைக்கின்றது. ஊருக்கொரு தமிழ்ச் சங்கம் நமக்கு உண்டு. பொங்கலும் பட்டிமன்றமும் நடத்தும் அச்சங்கங்கள், ஆண்டில் இரு முறையாவது உறுப்பினரின் நலக் குறைகளைக் கேட்டுத் தொகுத்து, உள்ளாட்சி மன்றத்தின் முன் வைக்கலாம். பெண்கள் அயல்கூட்டங்களிலும் சுய உதவிக் குழுக்களிலும் சேர்ந்தால் கதவு இன்னும் எளிதில் திறக்கும். பிள்ளைக்கு எப்பொழுது காய்ச்சல் வந்தது, எந்தக் குழாயில் நீர் நாறியது என்பதை அறிந்தவர்கள் அவர்களே.

இரண்டாவது, குறையைக் கணக்கோடு கூறுதல். "எங்களுக்கு வசதி இல்லை" என்பது புலம்பல். "எங்கள் தெருவில் நாற்பது வீடுகள், இரண்டு குழாய்கள், ஒன்று பழுது" என்பது கோரிக்கை. புலம்பலுக்கு ஆறுதல் கிடைக்கும். கோரிக்கைக்கு விடை கிடைக்கும். அடுத்த கூட்டத்தில் எழுந்து அந்த விடையைக் கேட்கவும் வேண்டும்.

மூன்றாவது, தாளைப் போற்றுதல். தாய் சேய் நல அட்டை, காசநோயாளியின் நிக்ஷய் பதிவு எண், மருந்துச் சீட்டு ஆகியவற்றை எந்த ஊருக்குச் சென்றாலும் உடன் கொண்டு செல்ல வேண்டும். காசநோய்க்கு உரிய மருந்து நாட்டின் எப்பகுதியிலும் அரசினர் நிலையங்களில் இலவசம்; ஓரிடத்தில் தொடங்கிய சிகிச்சையை வேறிடத்தில் தொடரலாம். 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் பெயருள்ள குடும்பம், அத்திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை எம்மாநிலத்தில் இருந்தாலும் அங்கே சிகிச்சை பெற வழி உண்டு. மாநில அரசுகள் தனியே நடத்தும் திட்டங்கள் எல்லாம் எல்லை தாண்டி வருமென எண்ணலாகாது. எது வரும், எது வராது என்பதை உடம்பு நன்றாயிருக்கும் நாளிலேயே விசாரித்து வைப்பது அறிவுடைமை.

நான்காவது, கேட்பது போலவே கொடுத்தலும். கூட்டத்தில் அமர்கிறவனுக்குக் கடமையும் உண்டு. தன் வீட்டு வாயிலில் நீர் தேங்காமல் பார்ப்பது, மாத்திரை வந்தால் உண்பது, புதிதாக வந்த தமிழ்த் தொழிலாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று பேச்சுத் துணையாய் நிற்பது ஆகியவை நாம் செலுத்த வேண்டிய வரி. இரு மொழியும் அறிந்த ஒருவர், வாரத்தில் ஒரு காலைப்பொழுதை மருத்துவமனை வாயிலில் செலவிட்டால், பல மருந்துச் சீட்டுக்கள் பொருளுடையனவாகும்.

நேயர்களே, சீர்திருத்தம் என்பது தலைநகரத்தில் எழுதித் தெருவுக்கு அனுப்பப்படும் ஓலை அன்று. போர் என்ற அறிஞர் 1946இலேயே ஊருக்கு ஐந்து பேரைத்தான் கேட்டார். கொச்சியிலே கால்வாய் ஓரத்துக் குடியிருப்பாயினும், மும்பையிலே மாடிக் குடியிருப்பாயினும், அந்த ஐவரில் ஒருவர் அவ்வூரில் வாழும் தமிழராக இருக்கலாம். அதற்குப் பட்டம் வேண்டியதில்லை. அந்த ஊரின் மொழியில் பத்துச் சொல்லும், மாதத்தில் ஒரு மாலையும் போதும். உங்கள் வார்டில் அடுத்த கூட்டம் என்றைக்கு என்பதை நாளையே கேட்டறியுங்கள்.